மயிலாப்பூரில் மண் கழுவினோம்

எழும்பூர் நிலையத்தில் இறங்கிச் சாக்கைப் பிரித்துப் பார்த்தபோது எங்கள் தொட்டியின் முன்பக்கம் இல்லை. இரும்புச் சட்டம் இருந்தது, பின்பக்கத் தகரம் இருந்தது. முன்பக்கக் கண்ணாடி மட்டும் கற்கண்டுத் துண்டுகளாகச் சாக்கின் அடியில் கிடந்தது. ரயிலில் மேல்தட்டிலிருந்து ஒருவருடைய டிரங்குப் பெட்டி விழுந்தபோது, "ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை" என்று அவர் சொன்னது தம்முடைய பெட்டியைப் பற்றித்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தொட்டிக்குள் போட வேண்டிய மணலும் கையில் இல்லை. ஊரிலிருந்து ஒரு பை மணலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வந்திருந்தோம். கப்பலை விட்டு இறங்கிய இடத்தில் ஒரு சுங்க அதிகாரி பையைத் தூக்கிப் பார்த்தார். "இந்தியாவுல மண்ணு இல்லேன்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னாங்க?" என்று கேட்டார். பிறகு உள்ளே தங்கம் இருக்கும் என்று நினைத்தோ என்னவோ முழுவதையும் தரையில் கொட்டித் துழாவினார். தங்கம் கிடைக்கவில்லை. கொட்டிய மணலை அள்ள எங்களுக்கு நேரமும் கிடைக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் என்னோடு கல்லூரியில் படித்த வைதேகி, கோபாலபுரத்தில் ஒரு சிறிய பள்ளியில் ரசாயனம் கற்பித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பள்ளியில் பல பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ஒரு விஞ்ஞானக் கண்காட்சி நடத்துவதாகவும், "நீயும் ரெண்டு குழந்தைகளை அழைச்சுண்டு வாயேன், வெளிநாட்டுலேருந்து வந்திருக்கான்னு நாங்களும் பீத்திக்கலாம்" என்றும் அழைத்திருந்தாள். அப்படித்தான் புறப்பட்டோம்.

என்னோடு வந்த பிள்ளைகள் இருவர். யோகராணி வகுப்பில் முதலாம் பிள்ளை. வெண்கலக் குரல். எதைக் கொடுத்தாலும் ஒருமுறை வாசித்துவிட்டு ஒப்புவிப்பாள். மற்றவள் தவமணி. அவளுடைய மதிப்பெண்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் தொட்டி அவளுடையது.

அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். தவமணியின் அப்பா மிளகாயும் வெங்காயமும் பயிரிடுபவர். இறைக்கிற மெஷின் வாங்கியபின் அவருடைய கிணற்றுத் தண்ணீர் உப்பாகத் தொடங்கியது. ஏன் என்று அவள் வகுப்பில் கேட்டாள். நான் கரும்பலகையில் படம் கீறிக் காட்டினேன். எங்கள் ஊர் நிலத்தடியில் கனமான உப்புத் தண்ணீர் கீழே கிடக்கிறது, மழையால் வந்த நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது, அதிகமாக இறைத்தால் கீழே கிடப்பது மேலே ஏறும் என்று விளக்கினேன். எல்லாப் பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். தவமணி எழுதவில்லை.

"ரீச்சர், நீங்கள் நிலத்துக்குள்ள போய்ப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் டீச்சரை ரீச்சர் என்றுதான் சொல்லுவோம், எழுதுவோம்.

நான் போய்ப் பார்க்கவில்லைதான். ஆகவே நிலத்தை நாங்கள் மேலே கொண்டுவந்தோம். ஒடுக்கமான தொட்டி, முன்னால் கண்ணாடி, உள்ளே மணல். உப்புத் தண்ணீருக்குப் பீட்ரூட் சாற்றால் நிறம் ஊட்டி அடியில் விட்டோம், மேலே நல்ல தண்ணீரை மழைபோலத் தூவினோம். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயைக் கிணறாக இறக்கி, மாட்டு வைத்தியரிடம் வாங்கிய பெரிய ஊசிக்குழாயால் உறிஞ்சினால், சிவப்பு நிறம் கூம்பாக எழும்பிக் கிணற்றுக்குள் வரும். முதல்முறை அது எழும்பியபோது வகுப்பே கத்தியது. தவமணி மட்டும், "அப்ப அப்பா என்ன செய்யிறது?" என்றாள். இந்த வெங்காயம் விற்றதும் இன்னும் பெரிய மெஷின் வாங்கி, கிணற்றையும் ஆழமாக்க அவர் முடிவு செய்திருந்தார். அந்தக் கேள்வியோடுதான் அவள் கப்பல் ஏறினாள்.

வைதேகியின் வீடு மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அவளும், அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் ராமமூர்த்தியும் மட்டும்தான். காப்பியை இரண்டு கிண்ணங்களில் உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஆற்றியதைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். இட்லி பஞ்சாக இருந்தது. சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் போட்டிருந்தாள். யோகராணி ஒரு வாய் வைத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டு வந்த மிளகாய்த்தூள் போத்தலை மெல்ல என் பக்கம் நகர்த்தினாள்.

"உன் பொண்ணு என்னமா பேசறா!" என்று வைதேகி யோகராணியைப் பாராட்டினாள்.

யோகராணியின் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஆரையும் பேசேல்லையே ரீச்சர்" என்றாள் கண் கலங்கி. எங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. இதை விளக்கி முடிப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது.

அடுத்த நாள் கண்ணாடி தேடித் தியாகராய நகருக்குப் போனோம். எங்கள் ஊர்க் கடைத்தெரு முழுவதையும் அங்கே ஒரு புடவைக் கடைக்குள் வைத்துவிடலாம். மக்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். ஒரு சின்னத் தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று இருந்தது. சுவரெல்லாம் முருகனும் லட்சுமியும். அவர்களுக்கு நடுவே ஒரு பாய் குல்லாவோடு உட்கார்ந்து கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்.

"எந்த சாமிக்கும்மா?" என்று கேட்டார்.

"சாமிக்கு இல்லை. உள்ளே மணலும் தண்ணீரும் வரும்."

"மண்ணுக்கா கண்ணாடி?" பாய் கத்தியைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல கீறேன். பொண்ணு மாப்ளைக்குப் போட்டிருக்கேன், செத்தவங்களுக்குப் போட்டிருக்கேன். மண்ணுக்கு இப்பதான்."

தவமணி சட்டத்தை நீட்டி அளவு சொன்னாள். அவர் படக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். அவள் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தாங்காது. ஈர மணல் பாரம். தடிச்சது தாங்கோ" என்றாள். தடித்த கண்ணாடியும், ஓரங்களில் ஒழுகாமல் ஒட்டிப் பூச ஒரு உருண்டை புட்டியும் கிடைத்தன. புட்டி காய ஒரு நாளாவது ஆகும் என்றார். "காயறதுக்கு முன்ன தண்ணி ஊத்தினா என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது."

பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் கண்ணாடியைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இன்னாம்மா இது? பிரேக் போட்டா யார் வவுத்துல பூரும்னு யாருக்குத் தெரியும்? எறங்கு, எறங்கு."

இறங்கி ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்தோம். பிள்ளைகள் இருவரும் கண்ணாடியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொள்ள, நான் ஓரத்தில் தொற்றிக்கொண்டேன். லஸ் முனையில் எதிர் வெயில் கண்ணாடியில் பட்டு, போக்குவரத்துப் போலீஸ்காரரின் கண்ணில் அடித்தது. அவர் ஒரு கையால் கண்ணை மறைத்து, மறு கையால் எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டார். எங்கள் ரிக்‌ஷாக்காரர் மட்டும் கம்பீரமாக நடுவில் போனார். "பாத்தியாம்மா, மந்திரி போற மாதிரி போய்க்கினு கீறோம்" என்றார். கண்ணாடி உடையாமல் வீடு வந்தது.

புட்டி காயும்வரை வீட்டில் இருந்தால் தவமணி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள் என்று, மறுநாள் இருவரையும் அடையாறுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு பெரிய தோட்டத்தில் பழைய ஆலமரம் ஒன்று ஒரு தெருவின் அகலத்துக்குப் பரந்து நின்றது. அதன் நிழலில் யோகராணியின் உரையை ஒத்திகை பார்த்தோம். உரையை எழுதியது நான். "பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று தொடங்கும். அவள் குரலைக் கேட்டு, பக்கத்தில் கட்டுச்சோறு அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு சேலத்துக் குடும்பம் முழுவதுமாக எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. உரை முடிந்ததும் கைதட்டினார்கள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு. ஆனா கிணத்துலதானே எறைக்கறோம், அடியில கெடக்கற உப்பு எதுக்கு அங்க வருது?" என்று குடும்பத் தலைவர் கேட்டார்.

யோகராணி நிமிர்ந்து நின்றாள். பிறகு, "பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நடுவிலிருந்து அவளுக்கு வராது. அவரும் மரியாதையாக முழுவதையும் இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை வந்துவிடக் கூடாது என்று அவர் மனைவி அவள் கையில் புளியோதரையை வைத்தார். புளியோதரை அருமை. வெல்லம் இல்லை.

திரும்பி வரும்போது யோகராணி பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். "நடுவர் கேள்வி கேட்டால் நான் என்ன செய்யிறது ரீச்சர்?" என்றாள். "நான் பாடமாக்கினனே ஒழிய, தொட்டியை ஒருநாளும் தொடேல்லை." மணல் வந்ததும் தொடலாம் என்றேன்.

மறுநாள் மணலுக்குப் பட்டினப்பாக்கம் போனோம். கடலோரம் முழுக்க வலைகளும் கட்டுமரங்களும். குடிசைகளுக்குப் பின்னால், அலை வந்து திரும்பும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் ஒரு குழி இருந்தது. பெண்கள் தகர டப்பாவால் அதிலிருந்து தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்த அஞ்சலை என்ற அம்மாள், எங்களுக்குத் தாகம் என்று கண்டு ஒரு டப்பா கொடுத்தார்.

தவமணி குடித்தாள். கடலைப் பார்த்தாள். மறுபடி குடித்தாள்.

"ரீச்சர், இது நல்ல தண்ணி!"

சொல்லி நான் திரும்புவதற்குள் பாவாடையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டாள். கைகளால் அடி மணலை வாரி வெளியே போட்டாள். இன்னும் ஆழம், இன்னும் ஆழம். ஊறி வந்ததை டப்பாவால் மளமளவென்று இறைத்தாள். இடையிடையே விரலை நக்கினாள். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உப்பு வந்திட்டுது!" என்று கத்தினாள். அத்தனை சந்தோஷமாக ஒருத்தி உப்புத் தண்ணீரைக் குடித்து நான் பார்த்ததில்லை.

அஞ்சலை கரண்டியோடு ஓடி வந்தார். "ஐயோ ஐயோ, இன்னாம்மா பண்ணிட்ட! நல்லா கீற ஊத்த நாசம் பண்ணிட்டியே! சாயந்தரம் சோத்துக்குத் தண்ணி யாரு குடுப்பா, ஒங்கொப்பனா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை. "கெடுத்தவளே வேற தோண்டிக் குடுத்துட்டுப் போகட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அது நியாயம்தான். சற்றுத் தள்ளி தவமணி தோண்டத் தொடங்கினாள். யோகராணி கொஞ்ச நேரம் கரையில் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் இறங்கினாள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் மண் பட்டிருக்கும். மணல் ஈரமாகித் தண்ணீர் கசிந்ததும் தவமணி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "காணும், போதும். இனிக் கீழ போகாத. பக்கவாட்டில அகலிப்பம்." ஆழமில்லாமல், ஒரு பாய் விரிக்கும் அகலத்தில் ஒரு பள்ளம் ஆனது. ஊறியதை அஞ்சலை ருசி பார்த்தார். போய், வாழை இலைத் துண்டில் ஆளுக்கொரு வஞ்சிரத் துண்டு கொண்டு வந்து வைத்தார்.

"இன்னா ஊரும்மா நீங்க? பேச்சே வேற மாதிரி கீது."

"யாழ்ப்பாணம்."

"அங்க பொண்ணுங்கள்லாம் இப்டித்தான் குழில குதிக்குமா?"

மீனைத் தின்றுவிட்டு, மணல் மூட்டையோடு மயிலாப்பூர் திரும்பினோம். தெருக் குழாயில் மூன்று முறை வாய் கொப்புளித்தும், வைதேகி கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினாள். "என்னடி வாசனை?" பின்னாலிருந்து ராமமூர்த்தி, "கடற்கரைப் பக்கம் போனா காத்தே அப்படித்தான் வீசும்" என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்க்காமல் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்.

மறுநாள் மணலைத் தொட்டியில் நிரப்பித் தண்ணீர் விட்டோம். பாயின் கண்ணாடி ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனால் மேலே விட்ட நல்ல தண்ணீரையும் உறிஞ்சிப் பார்த்தால் உப்பு. சிவப்பு கோடாக நிற்காமல் எங்கும் கலங்கிப் போனது.

"ஏன்?" என்றேன். பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் காத்திருந்தேன்.

யோகராணிதான் சொன்னாள். "மணலே உப்பு ரீச்சர். கடல் மணல். கழுவேல்லை. மற்றது, நான் தண்ணியை ஒரேயடியாக் கவிழ்த்துப் போட்டன்." அவள் உரையில் இல்லாத வசனம் அது.

மணல் கழுவுவது எளிதான காரியம்தான், தண்ணீர் இருந்தால். அந்த வீட்டில் கார்ப்பரேஷன் குழாய் விடியலில் கொஞ்ச நேரம் இருமிவிட்டு நின்றுவிடும். மீதிக்கெல்லாம் தெரு முனையில் அடிபம்பு. நாங்கள் அடித்தோம், சுமந்தோம், அலசினோம், ருசித்தோம், மறுபடி அடித்தோம். அலுவலகத்திலிருந்து வந்த ராமமூர்த்தி முற்றத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஊரே குடிக்க ஜலமில்லாம தவிச்சுண்டிருக்கு. எங்காத்துல மண்ணுக்கு அபிஷேகம் நடக்கறது!"

"சட்டையைக் கழட்டிட்டு நீங்களும் ரெண்டு வாளி கொண்டு வாங்கோ" என்றாள் வைதேகி. அவர் கொண்டு வந்தார். ஐந்தாவது வாளிக்கு மேல் அவருக்கே ஆர்வம் வந்து, "இப்போ டேஸ்ட் எப்படி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தார். சமையலுக்கு வாங்கியிருந்த பீட்ரூட்டையெல்லாம் தாமாகவே கொண்டு வந்து கொடுத்தார். பீட்ரூட் பொரியல் அவருக்கு அறவே பிடிக்காது என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் தொட்டி வேலை செய்தது. தெளிந்த மணல், அடியில் சிவப்பு, நடுவில் ஒரு நேர் கோடு. ஊசிக்குழாயை இழுத்ததும் சிவப்பு கூம்பாக எழும்பியது. வைதேகி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

கண்காட்சி அன்று கோபாலபுரத்து அந்த அமைதியான தெருவே அமர்க்களப்பட்டது. வகுப்பறைகளில் தெர்மக்கோல் இதயம் பல்பு எரிந்து துடித்தது. எரிமலை சோடா மாவால் பொங்கியது. நிலவில் இறங்கிய வண்டி ஒன்று வெள்ளித்தாளில் மினுங்கியது. வைதேகியின் மாணவிகள் அணைக்கட்டு ஒன்று செய்திருந்தார்கள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு ஒரு பிள்ளை, பார்வையாளர் நெருங்கியதும் பொத்தானை அழுத்தியதுபோல ஒப்புவிக்கத் தொடங்கினாள். பார்வையாளர் போனதும் வாயை மூடிக்கொண்டாள்.

எங்கள் மேசைக்கு வந்த நடுவர் ஒரு பௌதிகப் பேராசிரியர். கலைந்த முடி, சட்டைப் பையில் மூன்று பேனா. யோகராணி பாதி உரை சொல்லியிருப்பாள், அவர் கையை உயர்த்தினார்.

"நல்லாருக்கும்மா. சரி, நான் ஒரு விவசாயின்னு வெச்சுக்கோ. எனக்குத் தண்ணி வேணும், நிறைய வேணும். எறைக்காதேன்னு சொன்னா நான் பட்டினி. எனக்கு என்ன சொல்வே?"

யோகராணி வாயைத் திறந்தாள். முதலிலிருந்து தொடங்கப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவள், "பாடமாக்கினதில அதுக்கு மறுமொழி இல்லை ஐயா" என்றாள். பிறகு பக்கத்தில் திரும்பி, "தவம், உனக்குத் தெரியுமோ?"

தவமணி தொட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "தெரியாது. ஆனால் ஒரு ஆழக் கிணத்துக்குப் பதிலா, ஆழமில்லாமல் நாலு கிணறு போட்டு எல்லாத்திலயும் கொஞ்சங் கொஞ்சமா எடுத்தால் என்னெண்டு நேற்றுத் தொடங்கி யோசிக்கிறன். செய்து பாப்பமோ?"

"இப்பவா?"

"ஓம். கொஞ்சம் நில்லுங்கோ."

எங்களிடம் ஒரே ஒரு குழாய்தான் இருந்தது. யோகராணி இரண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பள்ளி வாசலில் ரோஸ் மில்க் விற்பவரிடமிருந்து ஒரு கைப்பிடி உறிஞ்சுகுழல்களோடு திரும்பி வந்தாள். தவமணி தன் கைக்குட்டையைக் கிழித்து ஒவ்வொன்றின் நுனியிலும் மணல் ஏறாமல் கட்டினாள். நாலையும் மேலாக, ஒரு விரற்கடை ஆழத்தில் நட்டாள். உறிஞ்ச ஆள் வேண்டும். அணைக்கட்டு மேசையிலிருந்து இரண்டு பெண்கள், எரிமலையிலிருந்து ஒருத்தி, இதயத்திலிருந்து ஒருத்தி தாமாகவே வந்துவிட்டார்கள். இதயம் கவனிப்பாரின்றித் துடித்துக்கொண்டிருந்தது.

கூட்டம் சேர்ந்தது. யோகராணி ஒரு முக்காலியில் ஏறி, வானொலியில் பந்தயம் வர்ணிப்பவரைப்போல ஆரம்பித்தாள். "இஞ்ச நிக்கிற நாலு பேரும் இப்ப நாலு கிணறு! முதலாம் கிணறு உறிஞ்சுது! சிவப்பு அசையேல்லை! இரண்டாம் கிணறு..." ஒரு சொல்லும் நான் எழுதியதில்லை.

எரிமலைக்காரி ஆவேசமாக இழுத்தாள். அவள் குழலின் கீழ் சிவப்பு சட்டென்று எழும்பியது. "ஐயே, உப்பு!" என்று துப்பினாள். கூட்டம் சிரித்தது. தவமணியின் முகம் வாடிவிட்டது.

"பிழைச்சுப் போச்சோ?" என்றாள் என்னைப் பார்த்து.

"எனக்குத் தெரியாது" என்றேன். உண்மையாகவே தெரியாது.

அவள் எரிமலைக்காரியின் தோளைப் பிடித்தாள். "நீங்கள் எங்கட அப்பாவின்ர மெஷின் மாதிரி இழுக்கிறியள். மெல்லமா. மற்ற ஆக்களும் சேர்ந்து. ஒராள் குடிக்கிறதை நாலு பேரும் பங்கு போடுங்கோ."

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. நடுவர்களை மேலே அழைத்தார்கள். பேராசிரியர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே படியேறினார்.

பரிசளிப்பு மண்டபத்தில் நான் வைதேகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அணைக்கட்டுக்கு முதற்பரிசு. வைதேகியின் பெண்கள் இருவரில் ஒருத்திதான் மேடைக்கு வந்தாள், அவள் வாய் ஓரமெல்லாம் மணல். கடைசியாக எங்கள் பாடசாலையின் பெயரைச் சொல்லி ஆறுதல் பரிசு என்றார்கள். யாரும் போகவில்லை. மறுபடி சொன்னார்கள். "எங்கேடி உன் குழந்தைகள்?" என்று வைதேகி என்னை இடித்தாள். நான் எழுந்து வகுப்பறைக்கு ஓடினேன்.

கதவருகே நின்றுவிட்டேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோருக்கும் தாவணி நனைந்திருந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் முகவாயை இடிக்க, பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து எப்போது இறங்கி வந்தாரோ. அவர் வாயிலும் ஒரு குழல். ஐந்தாவது கிணறு அவர்.

"தவமணி, பரிசு..." என்றேன்.

"சத்தம் போடாதேங்கோ ரீச்சர்" என்றாள் அவள் திரும்பிப் பாராமல். "எண்ணுறம்."

பேராசிரியர் குழலை எடுத்தார். "உப்பில்லை. இவ்வளவு நேரமா உப்பில்லை. புட்டி வாசம்தான் கொஞ்சம் அடிக்கறது." எல்லோரும் உறிஞ்சித் துப்பியதைச் சேர்த்த அளவு கோப்பையை யோகராணி உயர்த்திப் பிடித்தாள். ஒரு ஆழக் கிணறு உப்பாக மாறுமுன் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் அதில் இருந்தது. பெண்கள் கத்திய கத்தலில் மண்டபத்திலிருந்து தலைமையாசிரியை ஓடி வந்தார்.

பரிசுக் கோப்பையை வைதேகிதான் போய் வாங்கினாள். தொட்டியைத் திரும்பக் கொண்டுபோக நான் துணியவில்லை, அந்தப் பள்ளிப் பெண்களும் விடவில்லை. மழை நடுவில் வந்தால் என்ன ஆகும் என்று எரிமலைக்காரி கேட்டுவிட்டிருந்தாள், அதைப் பார்த்தாக வேண்டுமாம். ஊசிக்குழாயையும் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஊர் வந்து சேர்ந்த சில வாரங்களில், வெங்காயம் விற்றாயிற்று என்று கேள்விப்பட்டுத் தவமணியின் தோட்டத்துக்குப் போனேன். புதிய மெஷின் வந்திருக்கவில்லை. பழைய கிணற்றிலிருந்து தள்ளி, வேலியோரம் அவளுடைய அப்பா புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர் கணுக்கால் அளவு ஊறியிருந்தது. தவமணி விளிம்பில் குந்தியிருந்தாள். இருவருக்கும் வாக்குவாதம்.

"இன்னும் ஒரு முழம் போனால் இன்னும் தண்ணி வருமடி."

"உப்பும் வரும் அப்பா."

"ஒரு முழத்துக்கே வந்திடுமோ?"

தவமணி குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஒரு முழத்துக்கு வருமோ எண்டு எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில புதுத் தொட்டி கட்டுறம். செய்து பாத்திட்டு வெள்ளிக்கிழமை சொல்லுறன். அதுவரைக்கும் கை வையாதேங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் தவமணியைப் பார்த்தேன். தோண்டிக்கொண்டிருந்த இரும்பு அலவாங்கைக் கிணற்றுச் சுவரில் சாத்திவிட்டு, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் மேலே ஏறி வந்தார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் மகளிடம். "நானும் வாறன்."